கொழுந்தனார் வாங்கிய பிளேட்டு

பரமத்தி வேலூரில், கரியில் ஓடுகிற பஸ் சூடேறிக் கிளம்பும்வரை நாங்கள் உள்ளே வெந்துகொண்டிருந்தோம். முன் சீட்டில் வெற்றிலைக் கூடையோடு இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் திடீரென்று கேட்டாள்:

"பொண்டாட்டி கொரலு தெரியாம ஒருத்தரு குடும்பம் நடத்துவாராக்கா?"

"யாரைச் சொல்றே?"

"எங்க கொழுந்தனாரைத்தானுங்க. சேலத்துல ஒரு பொம்பள பாடுன கிராமபோன் பிளேட்டு வாங்கியாந்து, தெனமும் கேட்டுக் கண்ணு கலங்குவாரு. நேத்து அவரு பொண்டாட்டியோட மாமன் விருந்துக்கு வந்தாரு. எலை போட்டு உக்காந்தப்ப பிளேட்டு ஓடுச்சு. 'எங்க புள்ள கண்ணாலத்துக்கு முந்தி மெட்ராஸ்ல பாடுனது, இன்னும் கேக்கறீங்களா மாப்பிள்ளே'ன்னுட்டாரு!"

"அய்யோ சாமி! பிளேட்டுல பேரு இருக்குமே?"

"ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு வேற பேருல பாடியிருக்கறா. ஒரே ஊட்டுல இருக்கற எனக்கே தெரியாதுங்க்கா."

"அவரு என்ன சொன்னாரு?"

"நம்பவே இல்லீங்க. 'எங்கே, பாடு பாக்கலாம்'னாரு."

"பாடினாளா?"

"'நம்மூட்டுப் பொம்பளைங்க பாடக்கூடாதுன்னு வந்த அன்னிக்கே சொன்னீங்களே'ன்னுட்டு, அவரு எலையில ரசத்தை ஊத்துனா."