முப்பதாம் தேதி வரை நாலு டிகிரி

உட்கார்ந்தே எழுதலாம் என்று சொன்னதற்கு நன்றி. பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்த்துப் பழகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுவார்கள் என்று இடுப்பு பாதி எழுந்தே இருக்கிறது. இந்த அறையில் மின்விசிறியும் நன்றாகச் சுற்றுகிறது. எங்கள் கிளினிக்கில் ஊசி போடும் அறை விசிறி இரண்டு வருடமாக முனகிக்கொண்டுதான் சுற்றுகிறது. மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன்.

தையல்காரப் பெண்ணின் குழந்தையைப் பற்றிக் கேட்கிறீர்கள். மூன்று தடுப்பூசியும் போட்ட குழந்தைக்குக் கக்குவான் இருமல் எப்படி வந்தது, ஐந்து மாதத்தில் எப்படி இறந்தது என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மறைப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே, அது என்னிடம் இல்லை.

எங்கள் கிளினிக்கில் டாக்டர் ஒருவர், சீட்டுக் கொடுக்கும் பெண் ஒருத்தி, நர்ஸ் நான். அவ்வளவுதான் ஆள்பலம். ஒரு நாளைக்கு எழுபது பேர் வருவார்கள். சளி, சர்க்கரை, மூட்டுவலி, மாமியார் திட்டியதால் வந்த தலைவலி, எல்லாம் எங்களிடம்தான். எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுவது, ஊசி போடுவது, அழுகிற குழந்தைக்குப் பொம்மை காட்டுவது, எல்லாம் என் தலையில். சீட்டுக் கொடுக்கும் பெண்ணை நாங்கள் ஒலிபெருக்கி என்போம். அவள் நம்பரைக் கூப்பிட்டால் தெருமுனையில் நிற்பவரும் எழுந்து வருவார்.

ஊசி அறையின் மூலையில் தடுப்பூசி மருந்துக்கென்று ஒரு பிரிட்ஜ் இருக்கிறது. உள்ளே இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடானாலும் மருந்து கெடும். உறைந்தால் அதைவிடச் சீக்கிரம் கெடும். காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் கதவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்து, கதவில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் எழுத வேண்டும். பார்த்து எழுத அரை நிமிடம் போதும்.

அந்த அரை நிமிடம் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஒன்பது மணிக்குக் கிளினிக்கில் நின்று பார்த்தால்தான் உங்களுக்குப் புரியும். முதலில் ஒரு வாரம் விட்டுப்போனதைச் சேர்த்து எழுதினேன். பிறகு வருகிற வாரத்தையும் சேர்த்து எழுதினேன். எப்போது பார்த்தாலும் நாலு, ஐந்து, நாலு என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது அந்தப் பிரிட்ஜ். அதனால் ஒன்றாம் தேதியன்றே மாதம் முழுவதையும் எழுதிவிடும் வழக்கம் வந்தது. ஒரே பேனாவில் எழுதினால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். நீலம், கறுப்பு என்று மாற்றி மாற்றி எழுதுவேன். அங்கங்கே ஒரு ஆறு போடுவேன். ஒன்றிரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியும் வைப்பேன். ஒரு தடவை ஒலிபெருக்கி பார்த்துவிட்டு, “என்ன சிஸ்டர், ஜோசியம் பாக்குறீங்களா?” என்றாள். இருவரும் சிரித்தோம்.

நீங்கள் வந்தது ஆறாம் தேதி. அட்டவணையில் முப்பதாம் தேதி மாலை வரை எழுதியிருந்தது. உங்களோடு வந்தவர் முதலில் புரியாமல் விழித்துவிட்டு, பிறகு சிரித்தேவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி எழுதிய அட்டவணையைத்தான் போன வருடம் தரச் சான்றிதழ் தர வந்த அம்மா கையில் எடுத்து, ஒரு கட்டம்கூடக் காலியில்லையே என்று என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். போட்டோ எடுத்துப் போய் மற்றக் கிளினிக் நர்ஸ்களுக்குப் பாடம் நடத்தும்போது காட்டினார்களாம். அன்று எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் யாரும் என் முதுகைத் தட்டியதில்லை.

இனி, நீங்கள் வருவதற்குச் சில மாதங்களுக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமை. பதினோராம் தேதி.

முந்தின நாள் வெயில் தாங்க முடியவில்லை. டாக்டர் காலையிலிருந்து எழுந்திருக்காமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதருக்குக் குடிக்கக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீராவது கொடுக்கலாம் என்று ஒரு பாட்டிலை மருந்துப் பிரிட்ஜில் வைத்தேன். வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் குளிரட்டும் என்று உள்ளே இருந்த குமிழைக் கடைசி வரை திருகினேன். திரும்பப் பழைய இடத்துக்கு வைக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். ஒலிபெருக்கிதான் திருகியிருப்பாள் என்று உங்களில் ஒருவர் சொன்னார். அவளை விட்டுவிடுங்கள். திருகியது நான்தான்.

மறுநாள் காலையில் திறந்தபோது பின்சுவர் முழுக்க ஐஸ். கக்குவானைத் தடுக்கும் மருந்துக் குப்பிகள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து காட்டியது. ஒரு குப்பி ஒரு ஊசிக்கு. மொத்தம் அறுபத்து நான்கு குப்பிகள்.

இது கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவருக்கும் நடக்கக்கூடியது. அதற்கும் முறை இருக்கிறது. மேலே ஒரு போன் செய்து, மருந்து உறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். வந்து எடுத்துப்போய் வேறு தருவார்கள். திட்டுவார்கள், திட்டு எனக்குப் புதிதல்ல. நான் போனைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் பிரிட்ஜ் கதவு கண்ணில் பட்டது. பதினோராம் தேதி காலை நாலு டிகிரி. மாலை ஐந்து டிகிரி. பன்னிரண்டு, பதின்மூன்று என்று முப்பது வரை எல்லாம் சரியாக இருந்தது. அந்த மாதம் பிரிட்ஜ் கெட்டுப்போவதற்கு அட்டவணையில் இடமே இல்லை. போனை வைத்துவிட்டேன்.

குப்பிகளை மேசைமேல் பரப்பினேன். மதியத்துக்குள் உருகிவிட்டன. கெட்டதா இல்லையா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. குப்பியைக் குலுக்கி மேசைமேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். நல்ல மருந்து என்றால் தண்ணீர் கலந்த பால்போல ஒரே சீராக நிற்கும். உறைந்து கெட்டது என்றால் துகள்துகளாகப் பிரிந்து சீக்கிரமே அடியில் தங்கிவிடும். மேலே வெறும் தெளிந்த நீர் நிற்கும். மூன்று குப்பிகளைக் குலுக்கி வைத்தேன். கால் மணி நேரத்தில் மூன்றும் தெளிந்துவிட்டன. அறுபத்து நான்கையும் துடைத்துத் திரும்ப உள்ளே அடுக்கினேன். குமிழைச் சரியான இடத்துக்குத் திருப்பினேன்.

வாசலில் எட்டிப்பார்த்த டாக்டர், “நாளைக்குத் தடுப்பூசி நாள் சிஸ்டர். எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு டாக்டர்” என்றேன்.

புதன்கிழமை ஏழு குழந்தைகள் வந்தன. போட்டேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், உறைந்துபோன மருந்து விஷமில்லை. குழந்தைக்குத் தண்ணீர் ஏற்றியதுபோலத்தான். குழந்தை அழும், தாய் தேற்றுவாள், அட்டையில் முத்திரை விழும், வீட்டுக்குப் போவார்கள். எல்லாம் எப்போதும் போலத்தான் நடந்தது. மூன்று தவணையில் ஒன்று வீணானால் என்ன, மற்ற இரண்டு காப்பாற்றும் என்று கணக்குப் போட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். அலுப்பில் யாருக்குத்தான் தூக்கம் வராது.

தையல்காரப் பெண்ணின் குழந்தைக்கு அன்றுதான் முதல் ஊசி. அவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. தடுப்பூசி அட்டை கசங்கக் கூடாது என்று பூப்போட்ட துணியில் ஒரு உறை தைத்து வைத்திருந்தாள். எப்போதும் முதல் ஆளாக வந்து நிற்பாள். நாலு வாரம் கழித்து இரண்டாவது தவணைக்கு வந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சிஸ்டர், போன தடவ ஊசி போட்டப்ப பாப்பாவுக்குக் காய்ச்சலே வரல. மத்தவங்க பிள்ளைங்களுக்கெல்லாம் வருதாமே. மருந்து உள்ள வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?”

“காய்ச்சல் வரலன்னா சந்தோஷப்படும்மா. உன் பொண்ணு கெட்டிக்காரி, தாங்கிக்கிட்டா” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. குழந்தையின் தொடையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே போனாள்.

அந்த வாரம் புதுச் சரக்கு வந்திருந்தது. நல்ல மருந்து, நூறு குப்பி. நீங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள், புதுசு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது பழையதை ஏன் போட்டாய் என்று. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. முதலில் வந்த மருந்து முதலில் போக வேண்டும். புதுசைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் வைத்துத்தான் எடுப்போம். பழையது அப்படியே தங்கினால் ஏன் தங்கியது என்று மேலே கேட்பார்கள். நான் விதிப்படிதான் செய்தேன். ஒன்பது புதன்கிழமைகள் ஆயின. அறுபத்து நாலாவது குப்பி தையல்காரப் பெண்ணின் குழந்தைக்கு. அது அவளுக்கு மூன்றாவது தவணை. பிரிட்ஜில் இனி எல்லாம் நல்ல மருந்து என்று அன்று எனக்கு மனது லேசாக இருந்தது.

ஐந்தாவது மாதம் குழந்தைக்கு இருமல் வந்தது. கொண்டுவந்தாள். டாக்டர் அட்டையை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தார். மூன்று முத்திரையும் இருந்ததால் கக்குவானாக இருக்காது என்று ஒதுக்கினார். டாக்டர் மேல் குற்றமில்லை. முத்திரையை நம்பாமல் எதை நம்புவார்? சாதாரணச் சளிதான், மூக்குக்குச் சொட்டு மருந்து போதும் என்று எழுதினார்.

நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை இருமத் தொடங்கியது. நடுவில் மூச்சு விடாமல் இருமியது. முகம் சிவந்து, உதடு நீலமாகி, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்தது. பயிற்சிக் காலத்தில் கக்குவான் வந்த குழந்தைகளிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். டாக்டருக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது, வெளியே ஒலிபெருக்கி அடுத்த நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் காதில் சரியாக விழவில்லை. எனக்கு விழுந்தது. ‘டாக்டர், அந்த ஊசி சரியில்லை’ என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நர்ஸ் குறுக்கே பேசுவது மரியாதையில்லை. சொட்டு மருந்தை எப்படி விடுவது என்று தாய்க்குச் சொல்லிக்கொடுத்தேன். பொறுமையாக, இரண்டு தடவை சொன்னேன்.

ஒன்பதாவது நாள் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை போய்விட்டது. எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். துக்கம் விசாரிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கதான் சிஸ்டர் அவள நல்லாப் பாத்துக்கிட்டீங்க” என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

அந்த அறுபத்து நாலு குப்பியும் எந்தெந்தக் குழந்தைகளுக்குப் போனது என்று பட்டியல் கேட்டீர்கள். பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, நாற்பது குழந்தைகள். பெற்றவர்கள் யாரிடமும் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் வீணாகப் பயப்படுவார்கள். இருமல் வந்தால் எப்படியும் எங்களிடம்தான் வருவார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். என் தம்பிக்கும் அதே சமயத்தில்தான் குழந்தை பிறந்தது. எங்கள் கிளினிக்கிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் அந்தக் குழந்தையின் அட்டையில் வேறொரு சுகாதார நிலையத்தின் முத்திரை இருக்கிறதே, ஏன் என்றீர்கள். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. எங்கள் கிளினிக்கில் கூட்டம் அதிகம். தம்பி மனைவியும் இதையேதான் கேட்டாள், “ஏன்க்கா, உங்க கையாலயே போட்டுட்டா என்ன? இவ்வளவு தூரம் ரெண்டு பஸ் மாறிப் போகணுமா?” என்று. வெளிக்காற்றும் குழந்தைக்கு நல்லதுதான் என்று சொல்லி, மூன்று தவணைக்கும் லீவு போட்டு நானே தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த நர்ஸ் சின்னப் பெண். ஊசியில் மருந்தை ஏற்றுவதற்கு முன், குப்பியைக் குலுக்கி மேசைமேல் வைக்கச் சொன்னேன். கால் மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்றேன். அவளுக்குச் சுருக்கென்றது. “எங்க மேல நம்பிக்கை இல்லையாக்கா?” என்று கேட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் நகரவில்லை. மூன்று தடவையும் அப்படித்தான் காத்திருந்து பார்த்தேன். அவள் என்னைப் பற்றி என்ன நினைத்திருந்தாலும் பரவாயில்லை. பச்சைக் குழந்தை விஷயத்தில் அடுத்தவர் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.