ஜடாயு படத்தைத் தண்ணீரில் போட்டது பற்றி

என் பெயர் துனி சந்த், வயது 73, தகப்பனார் பெயர் கோவர்தன். சம்பா நகரம், ஆற்றங்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். சாலைத் துறையில் மைல்கல்லுக்கு எண் எழுதி ஓய்வு பெற்றவன். ராமாயணப் படம் எழுத யாரிடமும் கற்கவில்லை. நானே கற்றேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை, மேல்தெருக் கோயிலில் களவுபோன ஜடாயு படம் இதுதான் என்று, என் மருமகன் பியார் சிங் வீட்டில் மாட்டியிருந்த படத்தைப் போலீசார் கைப்பற்றி அவரைக் காவலில் வைத்தார்கள். அதன் பிறகு நான் நிலையத்துக்கு வந்து, அது பதினொரு வருடத்துக்கு முன் நான் எழுதி மகள் பிம்லாவுக்குக் கொடுத்த படம் என்றேன். ஏட்டு, "மைல்கல்லுல கிலோமீட்டர் எழுதுன கையா பெரியவரே இது? மருமகன்மேல அம்புட்டுப் பாசமா?" என்றார். மருமகன்மேல் எனக்குப் பாசம் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதன் பிறகு வந்த நிபுணர், இது இருநூறு வருடப் பழசு, பரம்பரை ஓவியர் கை என்று எழுதிக் கொடுத்தார். ராவணன் கிரீடத்துப் பச்சைக்கல் அத்தனையும் நான் வெட்டி ஒட்டிய வண்டுச்சிறகு என்றேன். பழையவர்களும் அப்படித்தான் ஒட்டினார்கள் என்றார். அவர் எழுதியதன் நகல் எனக்கு வேண்டும்.

அதன் பிறகு இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். நிரூபிக்க வழி தெரியும், சொல்ல மனமில்லை. இன்று காலை பிம்லா வந்து, அவரை ஜெயிலுக்கு அனுப்பப்போகிறார்கள் என்றாள். அதன் பிறகு இருவரும் இங்கே வந்தோம்.

இந்தப் படங்களுக்கு ஒற்றைத் தாள் தாங்காது. பல தாள்களைப் பசை தடவி ஒட்டி அட்டையாக்கி, அதன்மேல்தான் எழுத வேண்டும். மேலும் கீழும் பழைய பதிவேட்டுத் தாள் வைத்தேன். நடுவில் கையில் இருந்ததை வைத்தேன். மேசைமேல் இருந்த படத்தை, இன்ஸ்பெக்டர் தடுப்பதற்குள் எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முதலில் சீதை கரைந்தாள், அதன் பிறகு ஜடாயு. வண்டுச்சிறகுகள் மிதந்தன.

அதன் பிறகு தாள்களைப் பிரித்தேன். நடுவில் இருந்தவை பிம்லா, பியார் சிங் கல்யாணப் பத்திரிகைகள், ஆறு. ஏட்டு தேதியோடு உரக்கப் படித்தார். எங்கள் உறவுக்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி மகள் என்னிடம் தந்ததில் ஒன்றைக்கூட நான் கொடுக்கவில்லை.

பிம்லா, "நம்ம சனம் ஒருத்தரும் வரலைன்னு பதினோரு வருஷமா அத்தைகூட பேசாம இருக்கேனேப்பா" என்றாள். அத்தை என்றது என் தங்கையை. பியார் சிங்கை விட்டார்கள். மகள் அவரோடு போனாள்.

இதை யாரும் வற்புறுத்தாமல் சொன்னேன். படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. என் படங்களில் நான் பெயர் எழுதுவதில்லை. இதில் எழுதுகிறேன்.

(ஒப்பம்) துனி சந்த்