அந்த ஐந்தாவது ஆள் யார்?

தலைவர் நாற்காலியைத் தம் பொறுமையால் நிறைத்திருக்கும் பச்சையப்பன் அவர்களே! முழங்கால் வலியை மறைத்து முன்வரிசையில் முதுகு நிமிர்ந்திருக்கும் மூத்தோர்களே! வீட்டு வேலையை விரைந்து முடித்து வந்திருக்கும் தாய்மார்களே! ஆவடியிலிருந்து வந்த அன்பர்களே, அம்பத்தூரிலிருந்து வந்த ஆர்வலர்களே, பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி வந்த பாட்டுப் பைத்தியங்களே! உங்கள் அத்தனை பேருக்கும் அண்ணனூர் சகாயமேரியின் அன்பு வணக்கம்.

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டீர்கள். இனி நான் சொல்வதைக் கேட்டே தீர வேண்டும். என் மூத்த பேத்தி பெனிஷா வங்கித் தேர்வில் முதல் முறையிலேயே தேறினாள். பேரன் இவான் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு. இளைய பேத்தி ரெனிதா இங்கிலாந்தில் நர்ஸ். அவள் கை பட்டால் ஊசி குத்தியதே தெரியாது என்று வெள்ளைக்காரர்களே சொல்கிறார்களாம்.

என்ன உத்தமா, பின்வரிசையில் சிரிப்பு? "இன்னா ஆயா, பாட்டுக் கூட்டத்துல வந்து ரேஷன் கார்டு படிச்சிகினு கீறே?" என்றா கேட்கிறாய்? படிப்பேன். அந்தக் கார்டின் கடைசிப் பெயர் ரெனிதா. அவள் இல்லாவிட்டால் இன்று நான் மேடையேறவே காரணமில்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை நாம் கூடிக் கேட்பது எழுபதுகளின் ஆங்கில இசை. அது என்ன இசை? பல்லவியைத் தேடினால் கிடைக்காது; பாட்டு முடிந்ததென்று எழுந்தால் முடிந்திருக்காது. ஆர்கன் மாதா கோயிலில் அழுவது போல அழும். டிரம் குழந்தையைப் போல அடம்பிடிக்கும். ஒருவன் புல்லாங்குழலை ஊதுகிறானா, அதோடு சண்டை போடுகிறானா என்று சொல்ல முடியாது. கடைசியில் யாரோ தகரத்தைத் தரையில் இழுப்பார்கள். அதற்கும் என் வீட்டுக்காரர் எட்மண்ட் கண்ணை மூடித் தலையாட்டுவார்.

அவரைப் போல ஆலையில் எட்டு மணி நேரம் இரும்புச் சத்தத்தில் வெந்தவர்கள், மாலையில் மறுபடி இரும்புச் சத்தம் கேட்க ஏன் கூடினார்கள்? சம்பளம் கொடுத்துக் கேட்கச் சொன்ன சத்தத்தை, சொந்த விருப்பத்தில் கேட்க ஏன் ஓடி வந்தார்கள்? நாற்பத்தைந்து ஆண்டுகளாக எனக்கு இந்தக் கேள்வி. போன ஞாயிற்றுக்கிழமைதான் பதில் கிடைத்தது.

எழுபத்தெட்டாம் வருஷம். நாலு இங்கிலாந்துப் பையன்கள் போட்ட இசைத்தட்டு ஒன்று. அவர்கள் குழுவின் பெயருக்குத் தமிழில் 'தூங்காத கடிகாரம்' என்று பொருளாம். மொத்தமே ஐந்நூறு தட்டுதான் அடித்தார்களாம்; இன்றுவரை செல்போனில்கூட அகப்படாத பாட்டு. கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அதை ஒரே ஒரு மதியத்துக்கு எட்மண்டிடம் இரவல் தந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் தட்டைச் சுழலவிட்டு, எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து, கேசட்டில் பதிந்தார் எட்மண்ட். தட்டு திரும்பிப் போனது. கேசட் தங்கியது. அதிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து பிரதி என்று நாற்பது வீடுகளுக்கு அந்தப் பாட்டு போனது.

அதில் பதினோராம் நிமிடம் உங்களுக்கெல்லாம் மனப்பாடம். டக், டக் என்று ஏழு தட்டு. ஒரு நிறுத்தம். ஒன்பது தட்டு. நிறுத்தம். மறுபடி ஏழு. அப்படி மூன்று சுற்று. மூன்றாம் சுற்றில் மட்டும் நடுவே ஒன்பதுக்குப் பதில் எட்டு! அந்த ஒரு தட்டு எங்கே போனது? போருக்கு எதிர்ப்பு என்றார் தலைவர் பச்சையப்பன். லவ் ஃபெயிலியர் என்றான் உத்தமன். இதற்காக இரண்டு பேரும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தது ஊருக்கே தெரியும்.

ஆனால் இசைத்தட்டின் அட்டையில் நாலு பேர் பெயர்தான் உண்டு. தட்டுகிறவன் பெயர் இல்லை. எட்மண்டின் தோழர் தமிழரசு அந்த அட்டையில் கண்ட முகவரிக்கு மூன்று கடிதம் போட்டார். பதில் இல்லை. ஆண்டுதோறும் இதே மேடையில் நின்று, "அந்த அஞ்சாவது ஆளு யாருப்பா? கண்ண மூடுறதுக்குள்ள தெரிஞ்சிக்கணும்" என்று கேட்கிறார்.

அந்த இசைத்தட்டைத்தான் என் ரெனிதா அங்கே ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்து அனுப்பினாள். போன ஞாயிறு வீட்டில் போட்டோம். பதினோராம் நிமிடம் வந்தது. ஆர்கன் வந்தது. டக் டக் வரவில்லை! ஒன்றுகூட வரவில்லை!

பெனிஷா பயந்துவிட்டாள். "அம்மாச்சி, தமிழரசு தாத்தா கிட்ட சொல்லிடாதே. மனுஷன் ஒடஞ்சி பூடுவாரு. இது வேற பதிப்புன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

நான் பழைய கேசட்டைப் போடச் சொன்னேன். அது ஓடிய காலமெல்லாம் நான் அடுப்படியில் இருந்தவள். அந்தச் சத்தம் வந்தால், நம் வீட்டுச் சத்தம்தானே என்று காதைக் கடந்து போய்விடும். இல்லாதபோதுதான் காது அதைத் தேடியது.

புதன்கிழமை கரையான்சாவடியில் தமிழரசு வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடலாமென்று. வாய் திறக்குமுன், அந்தத் தட்டலை எண்ணிக் குறித்து வைத்திருந்த நோட்டை விரித்தார். "அண்ணி, இவன் நமக்காக வாசிக்கல. ஏதோ வேலைல கீறான். நாம கேக்குறதே அவனுக்குத் தெரியாது. நிறுத்தறான் பாருங்க, அங்க அளவு பாக்குறான். கைத்தொழில்காரன் அண்ணி!" என்றார். நான் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மேடையில் கேட்ட கேள்விக்கு மேடையில்தானே பதில் சொல்ல வேண்டும்?

தம்பி தமிழரசு! உங்கள் ஐந்தாவது ஆள் இங்கிலாந்தில் இல்லை. இதோ, உங்கள் எதிரே நிற்கிறேன்!

அன்று ரிக்கார்டரை ஓடவிட்டு, "பேசாதே" என்று சொல்லிவிட்டு எட்மண்ட் தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கிப் போனார். நான் பேசவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் கோயிலில் புதுநன்மைச் சடங்கு. கவுன் முடிந்தாக வேண்டும். கால் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அதன் தோல் வாரில் ஒரு கம்பி முடிச்சு. ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரத்தில் டக்கென்று இடிக்கும். சதுரக் கழுத்து வைத்த கவுன். இடப்பக்கம் ஏழு சுற்று. மூலையில் நிறுத்தி, துணியைத் திருப்பி, அடிப்பக்கம் ஒன்பது. திருப்பி, வலப்பக்கம் ஏழு. அழகுக்காக மூன்று வரி தைத்தேன்.

தம்பி, நீங்கள் ஏமாந்தீர்களா? வேலை செய்கிற ஆள் என்றீர்கள், செய்தேன். அளவு பார்க்கிறான் என்றீர்கள்; பார்த்தேன். கேட்பது தெரியாது என்றீர்கள், தெரியாது! அடுப்படிச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த என் வீட்டுக்காரர்கூட கேட்காத என் சத்தத்தை, நாற்பத்தைந்து ஆண்டு, நாற்பது வீடு, கண்மூடிக் கேட்டது! ஆலைக்காரர்கள் ஏன் கூடினார்கள் என்ற என் கேள்விக்கு அதுவே பதில். ஆலையில் அவர்கள் வேலைச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்க ஆளில்லை. இங்கே இருந்தார்கள்.

தமிழரசு எழுந்துவிட்டார். மைக்கைக் கொடுங்கள் அவரிடம். என்ன தம்பி?

"அண்ணி... மூணாவது சுத்துல எட்டு. ஏன் அண்ணி?"

நூல் அறுந்தது, தம்பி.

சிரிக்காதீர்கள்! எட்டாவது சுற்றில் நூல் அறுந்தது. மிச்சமிருந்த ஒரு சுற்றைக் கைத்தையலில் முடித்து, நூல் கோத்து மறுபடி மிதித்தேன். பாருங்கள், பேனாவை எடுத்துவிட்டார்! நோட்டில் எழுதுகிறார்! தலைவரே, உத்தமா, இனியாவது இரண்டு பேரும் சமாதானம் ஆகுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், பொறுக்காமல் குறுக்கிட்ட பிள்ளைகளுக்கும், இங்கிலாந்தில் எங்கிருந்தாலும் அந்த நாலு பையன்களுக்கும் நன்றி, வணக்கம்.

ரெனிதா கண்ணே, போனில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்? நம் மன்றத்தின் இணையப் பக்கத்தில் அந்த நாலு பேர் படம் மட்டும் தனியாக இருக்கிறது. அதன் அருகே புதுப் படம் ஒன்று போடு. என் முகம் வேண்டாம். மெஷின் மிதியில் என் பாதம் போதும். அட்டையில் இருப்பது போலவே எழுது. கிட்டார் இன்னார், டிரம் இன்னார், கால் சகாயமேரி.