ஈர மணலில் தடம்

யாரு, எட்மில்சனா? கடையில வெச்சா கேட்டான்? என்ன கேட்டான், அப்படியே சொல்லுங்க டீச்சர். காப்பி ஆறினா ஆறட்டும், வேற ஊத்தித் தரேன்.

ம். ஏரிப் பக்கம் பொம்பளைக் கால்தடம் எதுனா பாத்தீங்களான்னு. நீங்க என்ன சொன்னீங்க? பாக்கலைன்னுட்டீங்களா. சரி, அது போதும். அவன் மூஞ்சி சிரிச்ச மூஞ்சி, இல்ல? உங்களுக்கு இளநீகூட வெட்டிக் குடுத்திருப்பானே. குடுத்தானா? அதான். ஊருக்கே அவன் தங்கம். யார் வீட்டுக் கழுதை காணாமப் போனாலும் அவன்தான் தேடிக் கொண்டாருவான். மண்ணுல தடத்தைப் பாத்தே, இது இன்னார் வீட்டுது, இந்தக் கால் நொண்டுதுன்னு சொல்லிருவான்.

என் மருமகன்தான். அந்த போட்டோவுல இருக்கால்ல, ரொசிலேனி, என் மக, அவளைக் கட்டினவன். அவளுக்கு நல்ல புருஷன் அமையணும்னு அந்தோணியார் சிலையைத் தலைகீழா நிக்க வெச்சு வேண்டினவளே நான்தான். அவரும் இவனைக் கொண்டாந்து விட்டாரு. இப்ப நிமித்தி வெச்சிருக்கேன், ஆனா சுவரைப் பாத்துதான் நிக்கிறாரு. நீங்க வந்த அன்னிக்கே கேட்டீங்க, இவரு என்னங்க கோவிச்சுக்கிட்டு நிக்கிறாருன்னு. கோவம் அவருக்கு இல்ல.

அவ ஃபோர்த்தலேசா பட்டணத்துக்கு ஓடிப் போயிட்டாளாம், ஊர்ல பேசிக்கிறாங்க. பேசட்டும். அவனும் அதை நம்பி அங்க போயித் தேடுவான்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். ஆனா அவன் போகல பாருங்க. அவ எந்த ஜீப்புலயும் ஏறலன்னு அவனுக்குத் தெரியும். காலையில எந்திரிச்சா மணல்மேட்டைச் சுத்தற வேலைதான். கண்டுபிடிச்சான்னா என்ன பண்ணுவான்னு என்னைக் கேக்காதீங்க. கேட்டா அழுதுருவேன், அழ இப்ப நேரமில்ல.

உங்க சாவ் பாவ்லோ பட்டணத்துல யார் காலு எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது. இங்க எல்லாரு காலும் எல்லாருக்கும் தெரியும். வெயில் காலம்னா தொல்லையில்ல, காத்து அடிச்சு மதியத்துக்குள்ள தொடச்சு வெச்சிரும். இது மழை ஓஞ்ச நேரம். மேட்டுக்கு மேடு நடுவுல ஏரி நிக்குது, மண்ணெல்லாம் ஈரம், தடத்தை அப்படியே புடிச்சு வெச்சுக்குது. நீங்க படம் எடுக்க வந்த அழகு இதுதான், எங்களுக்கு வினையும் இதுதான். என் காலைப் பாருங்க. சுண்டுவிரல் மண்ணைத் தொடாது. எங்க அப்பாவுக்கும் அப்படி, ரொசிலேனிக்கும் அப்படி. நாலு விரல் தடம்னா எங்க குடும்பம்தான். அதான் நானும் வாசலைத் தாண்டறதில்ல. முட்டி வலின்னு சொன்னேன், நீங்க தைலம் குடுத்தீங்க. வலியெல்லாம் இல்ல. தைலம் நல்லா இருந்துச்சு.

கடலோரத்துல கெடக்கற ஒடஞ்ச கப்பலைப் பாக்கணுமா? அது எங்க போகப் போகுது டீச்சர், இன்னொரு தடவை வந்தா பாத்துக்கலாம். இன்னிக்கும் ஏரிக்கே போயிட்டு வாங்க. மதியம் உங்களைக் கூட்டிட்டுப் போற ஜீப்பு கெளம்பறதுக்குள்ள திரும்பிரலாம். மரவள்ளி ரொட்டியும் கருவாடும் கட்டி வெச்சிருக்கேன். ஆமா, தினம் குடுத்து விடுவேனே, ஏரிக்கரையில அதே குடிசைதான். அந்த மீன்காரக் கெழவருக்குத்தான்.

என்ன? ஆமா, நீங்க வாசல்ல வெச்சுட்டு வர்ற தூக்கு மறுநாள் கழுவிக் கவுத்திதான் இருக்கும். கெழவர் கழுவின மாதிரி இல்லையா? டீச்சர்னா டீச்சர்தான்.

சரி, இனிமே ஒளிச்சு என்ன ஆகப் போகுது. கெழவர் போன வருஷமே போய்ச் சேந்துட்டாரு. அங்க இருக்கறது ரொசிலேனி. அவ கெளம்பின ராத்திரி நல்ல மழை. பின்னாடியே தடத்தை அழிச்சுக்கிட்டே போச்சு. இன்னொரு மழை வந்தா அங்கேருந்து ஆத்து முகத்துக்கு நடந்துரலாம், அங்க என் தம்பி படகோட காத்துட்டு நிக்கிறான். அதுக்கப்புறம் ஒரு துளி இல்ல. வானத்தைப் பாத்துப் பாத்து என் கழுத்துதான் வலிக்குது. குடிசையை விட்டு ஒரு அடி வெச்சாளோ, அவன் படிச்சிருவான்.

உக்காருங்க, உக்காருங்க. நீங்க யாருகிட்டயும் பொய் சொல்ல வேணாம். எப்பவும் போற மாதிரி போங்க. ஷூவை மட்டும் அங்க விட்டுட்டு வெறுங்காலோட வாங்க. வெளியூர்க்காரங்க கடைசி நாள்ல வெறுங்கால்ல நடக்கறது இங்க புதுசா? உங்க ஷூ குடிசையில இருந்து ஆத்து முகத்துக்குப் போகும். அவன் பாத்தாலும், இந்த டீச்சரம்மா அங்கயும் படம் எடுக்கப் போயிட்டாங்கன்னு நெனச்சுப்பான். அந்தப் பூப்போட்ட அடித்தடம் அவனுக்கு இத்தனை நாள்ல பழகிப் போச்சு. அது பழகணும்னுதான் தினம் உங்களை ஏரிக்கு வெரட்டி வெரட்டி அனுப்பினேன். ஆனா ஏரி அழகுதானே? அதுல நான் ஒண்ணும் பொய் சொல்லல.

அளவா? அதெல்லாம் சரியா இருக்கும். அன்னிக்கு ஜீப்புல அத்தனை பேரு எறங்கினீங்க. மத்த வீட்டுக்காரங்க எல்லாம் மூஞ்சியைப் பாத்து, எங்க வீட்ல தங்க வாங்க வாங்கன்னு கூப்பிட்டாங்க. நான் காலைப் பாத்துக் கூப்பிட்டேன்.

கெளம்புங்க, வெயில் ஏறிடும். ஒண்ணு மட்டும் டீச்சர். ஷூவை வாசல்ல வெச்சுட்டு வந்துறாதீங்க. உள்ள போயி, நீங்களே மாட்டி, கயித்தையும் கட்டி விட்டுட்டு வாங்க. அவளுக்கு வலது கை விரலு இன்னும் மடங்க மாட்டேங்குது.