டேப்பின் மறுமுனை

பகல் பன்னிரண்டு மணி. ஆமாம், பகல்தான், பேய்க்கு மணி பார்க்கத் தெரியாது. ஒரு பக்கம் சோளக்கொல்லை, ஒரு பக்கம் அடர்ந்த காடு, நடுவே ஈ காக்கை இல்லாத மண்பாதை. தூரத்தில் பெருநகரத்து மாடிகள் சீப்புப் பல்லாக நின்றன. வெயிலா அது... நிழலே நிழல் தேடி ஓடுகிற வெயில்.

அந்தப் பாதையில் ஸ்கூட்டரில் வந்தவர் என் நண்பரின் மச்சான். சர்வேயர். நகரத்திலிருந்து புதிய சாலை போடுகிறார்கள். காட்டுக்குள் இருக்கும் எல்லைக்கல்லுக்கும் கடைசி வீட்டுச் சுவருக்கும் நடுவே நாற்பது மீட்டர் இருந்தால் வீடு தப்பும், குறைந்தால் இடிப்பார்கள். பழைய கோப்பில் முப்பத்தெட்டு. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெண். புருஷன் போன வருஷம் அதே காட்டில் மரம் சாய்ந்து செத்தவர். அவள் வாசலில் நின்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. உணர்ச்சி வற்றிப்போன முகம்.

சர்வேயர் டேப்பைச் சுவரோரம் வைத்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். டேப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது... சரசரவென்று, காட்டுக்குள். உதவியாள் ஒட்டடைக்குச்சி வந்துவிட்டான் போலிருக்கிறது. இருபது வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்லாமலே வேலை செய்கிறானே என்று பூரித்துப்போனார்.

மறுமுனையிலிருந்து இரண்டு இழுப்பு. கல்லில் வைத்தாயிற்று என்று அர்த்தம். பார்த்தார். நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.

அப்போது போன் அடித்தது. ஒட்டடைக்குச்சி.

"சார், பஸ் பஞ்சர். இன்னும் டவுனையே தாண்டல."

டேப் விறைப்பாகவே நின்றது. மறுபடியும் இரண்டு இழுப்பு... கொஞ்சம் பொறுமை இழந்த மாதிரி. பயப்படக்கூட வரவில்லை. பேனா பாட்டுக்கு எழுதியது: 41.2.

"எழுதிட்டீங்களாண்ணே?" என்றாள் அவள்.

"எழுதிட்டேம்மா."

அவள் காட்டுப்பக்கம் பார்த்தாள். "போதும், வாங்க."

டேப் தளர்ந்தது. சருகு மிதிபடும் சத்தம்... காட்டை விட்டு வெளியே... முற்றத்தில்... பச்சை மரம் அறுத்த வாசனை அவர் மூக்கை உரசிக்கொண்டு போனது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். டேப்பின் நுனி கதவுக்கு உள்ளே.

உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம். யாரோ மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம்.

கதவு ஒரு விரற்கடை திறந்தது. மண் துடைத்த டேப் நுனியை அவள் கை வெளியே நீட்டியது.

"அண்ணே... வேற எங்கயாச்சும் அளக்கணுமான்னு கேக்கறாரு."