துறையில் ஓடி ஏரியில் நின்ற படகு

இது நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம். என் பெயரும் விலாசமும் முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது ஐம்பத்து மூன்று; அதில் ஐம்பத்தொன்று என்று இருப்பது பதற்றத்தில் வாயில் வந்தது, திருத்திக்கொள்ளவும். ஏரிப் படகுத்துறைக்குப் பின்தெருவில், இரும்புக் கடைக்கு மேல்மாடியில் மனைவியோடு குடியிருக்கிறேன். தொழில் படகு எஞ்சின் மெக்கானிக், இருபத்தாறு வருடமாக. துறையில் என் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, மூக்கு மெக்கானிக் என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். பெட்ரோலை முகர்ந்து பார்த்தே கோளாறு சொல்வேன் என்பதால் வந்த பெயர். முதல் வாக்குமூலத்தில் நான் சொன்ன முக்கியமான விஷயம் தவறு என்பதால் இதை நானே கேட்டு வந்து கொடுக்கிறேன். யாரும் மிரட்டவில்லை. வீட்டில் மனைவி பேசியதை மிரட்டல் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

என் மனைவியின் தம்பி, முப்பத்து நான்கு வயது, துறையில் படகுகளுக்குப் பெட்ரோல் ஊற்றும் வேலை செய்கிறவன், மூன்று நாளாக இந்த நிலையத்தின் காவல் அறையில் இருக்கிறான். அவன் தண்ணீர் கலந்த பெட்ரோலை ஊற்றியதால்தான் பல் டாக்டரின் படகு நடு ஏரியில் நின்றது என்று நான் சொன்னேன், அதனால் இருக்கிறான். அவன் அப்படி ஊற்றவில்லை. அவனை விட வேண்டும். எழுதும் அதிகாரி எதையும் வரிசையாகச் சொல்லச் சொல்கிறார். அந்த வரிசைதான் எனக்குள் குழம்பிக் கிடக்கிறது, முடிந்த மட்டும் சொல்கிறேன்.

பல் டாக்டருடையது ஆறு பேர் உட்காரும் உல்லாசப் படகு. எஞ்சின் பின்னால் இருக்கிறது. பின் இருக்கைக்கு அடியில் தொண்ணூறு லிட்டர் டாங்க். இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் என்னிடம் வந்து, "கெளம்பறப்ப நல்லாத்தான் போகுது, நடு ஏரிக்குப் போனதும் ரெண்டு தடவ இருமிட்டு நின்னுடுது. கொஞ்ச நேரம் சும்மா விட்டா மறுபடி ஓடுது" என்று சொன்னார். டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் நடுவில், கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றுவதற்கு ஒரு ரப்பர் குமிழ் இருக்கும்; நின்றுபோகும்போது அது சப்பிப்போய்க் கிடக்கிறது என்றும் சொன்னார். நான் டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன், நல்ல பெட்ரோல். அதன் பிறகு ஃபில்டரை மாற்றினேன். அதன் பிறகு படகைத் துறையிலேயே கட்டிப் போட்டு, கியரில் அரை மணி நேரம் ஓட்டினேன். அருமையாக ஓடியது. சரிபார்ப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அதே கோளாறு என்று வந்தார். குமிழ் சப்புகிறது என்றால் அதற்கு முன்னால் எங்கேயோ அடைப்பு என்று தெரியும், அது தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. குழாயின் உள்தோல் உரிந்து அடைத்திருக்கும் என்று நினைத்து முழுக் குழாயையும் மாற்றினேன், அதன் பிறகு முக்கால் மணி நேரம் ஓட்டினேன், ஓடியது, கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது முறையும் வந்தார். இந்தத் தடவை டாங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றி ஊதி, கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவி மாட்டினேன். அதன் பிறகு ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு இருமல் கூட இல்லை. என்னிடம் ஓடுகிற எஞ்சின் அவரிடம் மட்டும் நிற்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். டாக்டருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று துறை முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். மூன்றாவது கையெழுத்தையும் போட்டேன். ஓனர் இல்லாமல் ஏரிக்குள் எடுத்துப் போக எங்களுக்கு அனுமதி கிடையாது என்பதையும் எழுதிக்கொள்ளவும், ஆனால் அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

இடையில் என் மைத்துனன் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னான். "மாமா, அந்தப் படகுக்கு ஊத்தும்போது பெட்ரோல் எதுத்துத் துப்புது, சட்டையெல்லாம் நாறுது" என்றான். "மெதுவா ஊத்துடா, உனக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்றேன். இன்னொரு நாள், "மாமா, மூடியப் போட்டுட்டு ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமா?" என்றான். "நீ ஊத்துற வேலைய மட்டும் பாரு, எனக்கே பாடம் நடத்தாத" என்றேன். நாலு பேர் இருக்கும்போது சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு டாக்டரும் அவர் மனைவியும் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். முந்தின நாள் மாலை மைத்துனன் டாங்கை நிரப்பியிருந்தான். பத்தரைக்கு டாக்டர் எனக்குப் போன் செய்தார். "நின்னுடுச்சு, காத்து எங்களை மணல் அள்ளுற மிதவைப் பக்கம் தள்ளுது" என்றார். "பம்ப அமுக்குங்க சார்" என்று அந்த ரப்பர் குமிழைத்தான் சொன்னேன். "அமுக்க என்னய்யா இருக்கு, தட்டையாக் கெடக்கு!" என்று கத்தினார். நான் மறுபடியும் பம்பை அமுக்குங்கள் என்றே சொன்னேன். டாங்க் மூடியைத் திறங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எஞ்சின் அங்கேயே கிளம்பியிருக்கும். இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. அதன் பிறகு படகு இரும்பு மிதவையில் மோதப் போகிறது என்று டாக்டர் கையை நீட்டித் தள்ளப் பார்த்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் வலது கை நசுங்கியது. மூன்று விரல் எலும்பு நொறுங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் அந்தக் கையால்தான் பல் பிடுங்குகிறவர்.

அதன் பிறகு நீங்கள் விசாரிக்க வந்தபோது சரிபார்ப்புச் சீட்டுகளைக் கேட்டீர்கள். மூன்று சீட்டிலும் என் கையெழுத்து இருந்தது. துறையின் பெட்ரோல் கிடங்கில் ஒரு கேனின் அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் நின்றது, எந்தக் கேனிலும் அவ்வளவு நிற்கும். அதைப் பார்த்ததும், பக்கத்தில் நின்ற மைத்துனனைக் காட்டி, "எஞ்சின்ல ஒண்ணுமில்ல சார், இவன் தண்ணி கலந்து ஊத்திருப்பான்" என்று சொல்லிவிட்டேன். நம்பித்தான் சொன்னேனா, பயந்து சொன்னேனா என்று அதிகாரி கேட்கிறார். இரண்டும் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதில் எனக்கு அன்றிலிருந்து புரியாத விஷயம், அவன் உடனே ஒப்புக்கொண்டான். "ஆமா சார், கேன மழையில தெறந்து வெச்சுட்டேன்" என்றான். அந்த வாரம் மழையே இல்லை. அதற்கு முந்தின வாரமும் இல்லை. வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, "என் தம்பியப் புடிச்சுக் குடுத்துட்டு வந்து தட்டு முன்னால உக்காருறீங்களே, எப்படி எறங்குது?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். இறங்கவில்லை. மறுநாள் இங்கே வந்து கம்பிக்கு வெளியே நின்று, "மாப்ள, மழ எங்கடா பேஞ்சுது?" என்று கேட்டேன். "விடுங்க மாமா. உங்க லைசென்ஸ் போச்சுன்னா துறையில ஒருத்தன் படகு குடுக்க மாட்டான். ஊத்துற வேலை எனக்கு எங்கயும் கெடைக்கும்" என்றான். "என் மேல என்னடா தப்பு?" என்று கேட்டேன். அவன், "அக்கா சாப்பிட்டாளா மாமா?" என்று பேச்சை மாற்றினான். எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்று காலை, நிலையத்தின் பின் முற்றத்தில் வண்டி மேல் ஏற்றி வைத்திருக்கும் அந்தப் படகின் எஞ்சினை உங்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டச் சொன்னீர்கள். குளிர்ச்சிக்குத் தண்ணீர்க் குழாயை மாட்டிவிட்டு, வழக்கம்போல முதலில் டாங்க் மூடியைத் திறக்கப் போனேன். மூடி மேல் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்திருந்தது. காவலர், "சாட்சிப் பொருள், கைய வைக்காத" என்றார். முகர்ந்து பார்க்காமல் நான் எந்த எஞ்சினையும் கிளப்பியது கிடையாது, எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது, இருந்தாலும் கிளப்பினேன். முப்பத்தைந்து நிமிடம் ஓடியது. அதன் பிறகு இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ரப்பர் குமிழ் தட்டையாகக் கிடந்தது. என் கையில் அந்த எஞ்சின் நின்றது அதுதான் முதல் தடவை. திருதிருவென்று முழித்தேன்.

அதன் பிறகு படகைச் சுற்றி வந்தேன். பக்கவாட்டில் விளிம்புக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு காற்றுத் துளை உண்டு. டாங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதற்குள் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. கம்பியால் குத்தினேன், மண் உதிர்ந்தது, டாங்க் உஸ்ஸென்று காற்றை இழுத்தது, குமிழ் நிமிர்ந்தது. மறுபடி கிளப்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன், நிற்கவில்லை. இரண்டு காவலர்கள் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வேலை செய்யும்போது முகர்ந்து பார்க்கத் திறந்த மூடியை, வேலை முடிந்து துடைக்கும்போதுதான் மூடுவேன். சோதனை ஓட்டம் முழுக்க மூடி திறந்தே இருக்கும். துளை அடைத்திருந்தாலும் காற்று மேல் வழியாகப் போய்விடும். டாக்டர் மூடியை இறுக்கி மூடிக்கொண்டு போவார், அவருக்கு நிற்கும். எதிர்த்துத் துப்பியதும் இதனால்தான், உள்ளே இருந்த காற்று வெளியே போக வழியில்லை. மைத்துனன் இரண்டையும் என் முகத்துக்கு நேரே சொன்னான், நான் வாயை அடைத்து அனுப்பினேன்.

இதைச் சொன்னதும் அதிகாரி சிரித்து, "அப்ப குளவி மேலதான் கேஸ் போடணும். விபத்துன்னு எழுதிடறேன், மாமனும் மச்சானும் வீடு போய்ச் சேருங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஒரு நிமிடம் சரி என்று சொல்லத் தோன்றியது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் மூன்று சீட்டில் கையெழுத்துப் போட்டது குளவி இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரின் மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதை நான் பார்த்தேன். எனவே மூடியைப் போட்டுச் சோதிக்காமல் சரி என்று கையெழுத்துப் போட்டது நான்தான் என்று எழுதச் சொன்னேன். அதற்கு என்ன உண்டோ அது எனக்கு வரட்டும், லைசென்ஸ் போவதானாலும் போகட்டும்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்ட மைத்துனனையும் காவல் அறையிலிருந்து அழைத்து வந்தார்கள். முழுவதும் கேட்டுவிட்டு அவன், "மாமா அப்பவே அந்த ஓட்டையக் குத்தி விடச் சொன்னாரு சார், நான்தான் மறந்துட்டேன்" என்றான். நான் இங்கேயே எழுந்து நின்று, "டேய், இப்பவாவது வாய மூடுடா" என்று கத்தினேன். கத்தியது தவறு. அந்தத் துளை இருப்பதே இன்று காலை வரை என் நினைவில் இல்லை, பிறகு எப்படிச் சொல்லியிருப்பேன்? அவன் ஏன் இப்படி இருக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னதை அடித்துவிடலாமா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், அது இதிலேயே இருக்கட்டும்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். என் மைத்துனன் எனக்காகச் சொன்ன அந்த ஒரு வரியைத் தவிர, மற்றதெல்லாம் உண்மை.

(கையொப்பம்)