மழைத்தண்ணீர்ப் போத்தல்

பால் விடாத இந்தப் பிளேன்ரி நன்றாக இருக்கிறது. போத்தல் தண்ணீரில் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் என்றால், எவ்வளவு சீனி போட்டாலும் நாக்கின் ஓரத்தில் ஒரு கரிப்பு நிற்கும்.

நீங்கள் இந்த விசாரணைக்கு என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். என் மாணவி ஆர்த்திகா நான்கு வருடங்களுக்கு முன் காணாமற்போனது பற்றி அவளுடைய தாய் சீதேவிப்பிள்ளை முறைப்பாடு கொடுத்திருக்கிறார். அதில் 'படிப்பித்த சேருக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி சரியானது. ஆகவே முழுவதையும் சொல்கிறேன். இடையில் நான் பேசாமல் இருந்தால் அவசரப்படுத்த வேண்டாம். நான் எப்போதும் அப்படித்தான்.

வாவிக்கரையில் இருந்த சிறிய கல்லூரி அது. இப்போது இல்லை. சுனாமியில் கடல் வந்து ஆறு மாதத்துக்குப் பிறகு அங்கே இரசாயனவியல் அடிப்படைப் பாடநெறி ஒன்றைத் தொடங்கினேன். படிப்பு அறுந்துபோன பிள்ளைகளுக்காக. இருபத்து நான்கு பேர் சேர்ந்தார்கள். வாகரையிலிருந்து வந்து தன்னாமுனைப் பக்கத்து முகாமில் இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆர்த்திகா அப்படி வந்தவள். தகப்பனையும் தம்பியையும் கடல் கொண்டுபோயிருந்தது.

அடுத்த வருடம் சண்டைக்கு ஆட்பிடிப்பு தொடங்கியது. பிடித்தவர்கள் யார் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த நாளில் நாங்கள் 'அவர்கள்' என்று மட்டும்தான் சொல்வோம். ஒரே கிழமையில் பக்கத்துக் கிராமத்துப் பெடியன்கள் இரண்டு பேரை பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். என் வகுப்பில் வரவு பாதியாகக் குறைந்தது. பாடநெறி நின்றுவிடும் போலிருந்தது. நான் அவர்களிடம் போய்ப் பேசினேன். வேறு யாரும் போகத் தயாராக இல்லை.

பேசி முடிவானது இதுதான். கல்லூரி அட்டை வைத்திருக்கும் பிள்ளைகளை வழியில் தொட மாட்டார்கள். பதிலுக்குப் படிப்புத் தவணைக்கு ஒருவரை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். யார் என்பதை நான் சொல்ல வேண்டும்.

குலுக்கிப் போட்டு எடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அது பொறுப்பற்ற முறையாகப் பட்டது. வேண்டியவர், வேண்டாதவர் பார்த்து எடுப்பது அதைவிட மோசம். கடைசியில் தவணைச் சோதனைப் புள்ளிகளை வைத்தேன். கடைசியாக வருபவரின் பெயர். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. தோற்றால் அட்டை போய்விடும், அட்டை போனால் பிடித்துவிடுவார்கள் என்று மட்டும் நம்பினார்கள். தகப்பன்மார் வந்து வாசலில் நிற்பார்கள். "அடிச்சாலும் பறவாயில்ல சேர், பெயிலாக்கிப் போடாதீங்க" என்பார்கள். மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே சமன்பாடுகளை மனனம் செய்தார்கள். சோதனைக்கு முதல் நாள் ஒருத்தி என் மேசைக்கு முன்னால் வாந்தி எடுத்தாள். அப்படிப் படித்த வகுப்பை என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை.

முதல் தவணையில் தனோஜன். சமன்பாட்டைச் சமப்படுத்த அவனுக்குக் கடைசிவரை வரவில்லை. இரண்டாம் தவணையில் இன்னொருவன். தவணைச் சோதனை முடிந்த வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் சைக்கிளில் வந்து, வாசிகசாலைக்கு என்று சொல்லி என்னிடம் ஒரு கடித உறை வாங்கிப் போவார்.

மூன்றாம் தவணைக்குச் செய்முறைச் சோதனை. ஒரு உப்பைக் கொடுப்பேன். அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். கடல் வந்தபோது களஞ்சியத்துப் போத்தல்களின் ஒட்டுத்துண்டுகள் எல்லாம் ஊறிக் கழன்றுவிட்டன. வெள்ளைப் பளிங்குகளாக இருபது போத்தல்கள், பெயரில்லாமல். நானே ஒவ்வொன்றாகச் சோதித்து, என் கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். அதில் 'குளோரைட்டு' என்று எழுதிய ஒரு போத்தலைத்தான் சோதனைக்கு எடுத்தேன்.

உப்பைத் தண்ணீரில் கரைத்து, அமிலம் சேர்த்து, வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி விட்டால், குளோரைட்டு இருந்தால் வெள்ளையாக வீழ்படிவு வரும். அதற்குக் காய்ச்சிவடித்த நீர் வேண்டும். எங்களிடம் இருக்கவில்லை. ஆய்வுகூட உதவியாளர் அசனார், ஏறாவூர்க்காரர், அன்று காலையில் சொன்னார்.

"கிணத்துத் தண்ணியத்தான் ஊத்தி வெச்சிரிக்கன் சேர். வடிக்கிற கண்ணாடி கடல் அடிச்ச அண்டைக்கே போயிட்டே."

"பறவாயில்ல அசனார். தெளிவாத்தானே கிடக்கு."

"கடலும் தெளிவாத்தான் இரிக்கி சேர்" என்றார்.

நான் சிரித்தேன். ஒட்டுத்துண்டுகளை எழுதியபோதும் அதே தண்ணீரைத்தான் பாவித்திருந்தேன்.

உப்பைச் சோதிக்கும் முன் வெறும் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வெற்றுச் சோதனை என்போம். முதல் நாள் வகுப்பிலேயே அதைப் படிப்பித்திருந்தேன். ஆனால் வெள்ளி நைத்திரேற்று ஒரு சிறு புட்டிதான் மிச்சம். வீணாக்க வேண்டாம், நேரே உப்புக்குப் போங்கள் என்று அன்று சொல்லிவிட்டேன். இருபத்தொரு பேர் சொன்னபடி செய்தார்கள். இருபத்தொரு பேரும் குளோரைட்டு என்று எழுதினார்கள்.

ஆர்த்திகா சோடாப் போத்தல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சேர், இதில குளோரைட்டு இல்ல."

"எல்லாருக்கும் வெள்ளையா வந்திருக்கு. உனக்கு மட்டும் வரல்லையோ?"

"உப்புப் போடாமலே வருது சேர். சும்மா தண்ணிக்கும் வருது. நாங்க முகாமில சோத்துக்கு உப்புப் போடுறதே இல்ல, கிணத்துத் தண்ணியிலயே இருக்கு. அதுதான் கூடாரத் தறப்பாளில விழுந்த மழைத்தண்ணி கொண்டு வந்தனான். அதில கரைச்சா ஒண்டும் வரல்ல."

பின்னாலிருந்து நிலோஜன், "வாகரை விஞ்ஞானி வந்திட்டா கா" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. பயந்துபோயிருந்த பிள்ளைகள், சிரிக்க ஏதாவது கிடைத்தால் விடமாட்டார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "முதல்ல தண்ணியச் சோதிக்கச் சொல்லி நீங்கதானே சேர் சொன்னீங்க?" என்றாள்.

"உன்ர கைப்பிழை. போய் இரு" என்றேன். போத்தலை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் இருந்தாள். விடைத்தாளில் 'குளோரைட்டு தண்ணீரில் உள்ளது, உப்பில் இல்லை' என்று எழுதியிருந்தாள். அந்தக் கேள்விக்கு மொத்தம் நாற்பது புள்ளி. நான் பூச்சியம் போட்டேன். அதனால் அவள் கடைசியாக வந்தாள்.

அன்று பின்னேரம், எல்லோரும் போன பிறகு, அவளுடைய போத்தலிலிருந்து கொஞ்சம் எடுத்து, மிச்சமிருந்த வெள்ளி நைத்திரேற்றை விட்டுப் பார்த்தேன். மழைத்தண்ணீர் மட்டும்: தெளிவாக இருந்தது. மழைத்தண்ணீரில் உப்பு: அதுவும் தெளிவு. கிணற்றுத் தண்ணீர் மட்டும்: பால் போல வெளுத்தது. மூன்று குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு உப்புப் போத்தலின் ஒட்டுத்துண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, 'குளோரைட்டு அல்ல' என்று புதிதாக எழுதி ஒட்டினேன். கையைக் கழுவினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. உறைக்குள் வைக்க வேண்டிய பெயரை எழுதினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். புள்ளியைத் திருத்தினால் சோதனை முழுவதும் செல்லாது. செல்லாத சோதனையிலிருந்து கடைசிப் பெயரை எடுக்க முடியாது. பெயர் கொடுக்காவிட்டால் அவர்களே வந்து தெரிந்தெடுப்பார்கள். இருபத்திரண்டு பேரும் ஆபத்தில் விழுவார்கள். ஒன்றுக்கு இருபத்தொன்று. நியாயமான காரணம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

...

ஒரு கிழமை அவகாசம் கேட்டிருக்கலாம்தான். முன்பு ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்றபோது தந்தார்கள். அந்த ஒரு கிழமையில் மழைத்தண்ணீரில் மறுபடி சோதனை வைத்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் எழுதி ஒட்டியது பிழை என்று அந்த வகுப்புக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். அசனாரும் அங்கே நிற்பார்.

திங்கட்கிழமை காலையில் அவள் சந்தியில் பஸ்ஸால் இறங்கியபோது ஏற்றிக்கொண்டு போனார்கள். கையில் இன்னொரு சோடாப் போத்தல் வைத்திருந்தாளாம். எனக்குச் செய்து காட்டத்தான் கொண்டு வந்திருப்பாள். அது தெருவில் உருண்டு கிடந்தது. அசனார் எடுத்து வந்து என் மேசையில், முந்தியதற்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அந்தக் கிழமையே சீதேவிப்பிள்ளை வந்தார். நிலத்தில் இருந்துவிட்டார். கதிரையில் இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை.

"பெயிலாயிட்டாள் எண்டு பிள்ளையள் சொல்லுதுகள் சேர். அட்டை இல்லாமப் போனதாலதான் புடிச்சவங்களாம். நான்தான் அவளை முகாமில தண்ணிக்கும் விறகுக்கும் அனுப்பி அனுப்பிப் படிக்க விடல்ல. என்னாலதான் சேர்."

"கெட்டிக்காரிதான். கொஞ்சம் கவனக்குறைவு" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் என் காலைத் தொட்டுவிட்டுப் போனார்.

சண்டை முடிந்தபிறகு தனோஜன் திரும்பி வந்தான். ஒரு கால் இல்லை. தெருவில் கண்டால் இன்றைக்கும் "சேர்" என்று நின்று மரியாதை செய்கிறான். மற்றவன் செத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. ஆர்த்திகாவைப் பற்றி ஒன்றும் வரவில்லை. அவளை எங்கே கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது. கொடுத்தவன் நான் என்பது தெரியும். மூன்று பெயர்களையும் நான்தான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒரு விடயம் மட்டும். உங்கள் கோப்பில் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் 'சோதனையில் சித்தியடையாதவர்' என்று இருக்கிறது. நான் வரும்போதே கவனித்தேன். அதைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். அந்தச் சோதனையில் அவள்தான் முதலாவது. ஒரு பிள்ளையின் பெறுபேறு பிழையாகப் பதிவில் நிற்பதை நான் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை.